கிராம வனக்குழு (அணைக்கட்டு வட்டாரம்)

காப்புக்காட்டை ஒட்டி வாழும் ஊரார், வனத்துறையோடு சேர்ந்து அந்தக் காட்டைப் பேணுவதற்காக அமைக்கும் குழு கிராம வனக்குழு. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் ஜவ்வாதுமலைத் தொடரின் காடுகள் உள்ளன. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர்.

வரலாறு: மலைக்காட்டையும் பாலாற்றங்கரைத் தோல் ஊர்களையும் நெடுங்காலம் இணைத்தவை பட்டையும் கடுக்காயும். குரோம் உப்பால் தோல் பதனிடும் முறை பரவும்வரை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் தோலைப் பதப்படுத்தி, பிறகு கடுக்காய்ச் சாற்றில் நனைத்து எடுப்பார்கள். காய்ந்த கடுக்காயில் நீளவாக்கில் வரிகள் எழும். உள்ளே கல்போன்ற கொட்டை. துவர்ப்பு முழுவதும் மேல் சதையில்தான் இருக்கிறது. அதனால் முழுக்காயைவிட, உடைத்துக் கொட்டை நீக்கிய தோட்டுக்கு விலை கூடுதல். காய் தருகிற மரத்தை வெட்ட மலைமக்களுக்கு மனம் வராது. காட்டுக்கு அதுவே முதல் காவல்.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை ரயில் ஓடியது. அதே ஆண்டு கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். காட்டைப் பெருமளவு அழித்தவை மலைவாசிகள் கொத்திப் பயிரிடும் கொத்துக்காடு அல்ல, ரயிலின் விறகுப் பசியும் மரம் வெட்டும் கூப்புக் குத்தகையும்தான். ஆயினும் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் கட்டுப்படுத்தியது மலைவாசிகளையே. ஆடு மேய்க்கக் கட்டணம் வந்தது. தலைமுறைகளாகப் பொறுக்கிய கடுக்காயைப் பொறுக்கும் உரிமை குத்தகைதாரரிடம் போனது. உரிமை போன இடத்தில் காவலும் தளர்ந்தது.

கூட்டு வன மேலாண்மை: 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையும் 1990 ஜூனில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கையும் மக்கள் பங்கேற்புக்கு வழிவிட்டன. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை உருவாக்கியது. நாற்று நடுதல், தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை ஆகியவை முக்கிய வேலைகள். தலைவர் ஊராரில் ஒருவர். உறுப்பினர் செயலர் வனத்துறை அலுவலர். திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2005இல் தொடங்கியது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. சிறு வனப்பொருள்களின் உடைமையும் பழங்குடியினருக்கு உரியது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்படியான வன உரிமைப் பட்டா வழங்கல் பல ஆண்டுகள் முடங்கியது. 2016இல் தடை நீங்கியது.

இன்றைய நிலை: கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீ அணைக்கவும் மலையூர் மக்களே செல்கின்றனர். மலைக் குக்கிராமங்கள் சிலவற்றுக்குச் சாலை கேட்கும் கோரிக்கை, வன நிலம் என்பதால் நீண்டகாலம் இழுபட்டது.