பாடலை எண்ணினார்களா, நேயரை எண்ணினார்களா? வானொலித் தரவரிசை குறித்துக் காரைக்குடியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஆண்டு முடிவில் அவ்வாண்டின் விருப்பப் பாடல்களை நேயர் வாக்குப்படி வரிசைப்படுத்தி ஒலிபரப்பும் நிகழ்ச்சிகளைப் பற்றி இருவகையாகப் பேசுவது வழக்கம். மக்கள் ரசனைக்கு அவை நம்பகமான சாட்சி என்பார் ஒரு சாரார். விளம்பரக்காரரும் இசைத்தட்டு வியாபாரிகளும் ரசிகர் மன்றத்தாரும் சேர்ந்து ஆக்கிய கணக்கு, ஆய்வுக்கு உதவாது என்பார் மறு சாரார். எதிரெதிராகத் தோன்றினாலும் இரு தரப்பும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. பட்டியலை இரண்டுமே பாடல்களின் பட்டியலாகத்தான் படிக்கின்றன. அந்த எண்கள் பாடல்களைப் பற்றிச் சொல்வது சொற்பம். கேட்டவர்கள் தங்களை ஒரு கூட்டமாக எப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்பதைப் பற்றிச் சொல்வதே மிகுதி என்பது இக்கட்டுரையின் வாதம். செட்டிநாடு போன்ற ஒரு வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்வகைக்கு முன்னோடி 'பினாகா கீத்மாலா'. 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு, இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பில் அது தொடங்கியது. தொகுப்பாளர் அமீன் சயானி. பம்பாயில் பதிவுசெய்து கொழும்புக்கு அனுப்பினார்கள். செலவை ஏற்றது ஒரு பற்பசை நிறுவனம். தொடக்கத்தில் அதில் தரவரிசையே இல்லை. ஏழு பாடல்களை முன்பின்னாக ஒலிபரப்புவார்கள். சரியான வரிசையை நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். பரிசு நூறு ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாகவும், பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியதாகவும் சயானியே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அத்தனை கடிதங்களைப் பிரித்துச் சரிபார்க்க ஆளும் நேரமும் போதவில்லை. ஆகவே 1954 டிசம்பரில் போட்டியைக் கைவிட்டு, நிலையத்தாரே வரிசையைச் சொல்லும் முறைக்கு மாறினார்கள்.

இந்த வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இதுதான். ரசனையை அளக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுத் தரவரிசையைக் கண்டுபிடிக்கவில்லை. கடிதங்கள் குவிந்தன, அந்தப் பெருக்கைச் சமாளிக்கப் பிறந்தது தரவரிசை. நேயர் திரள் முந்தியது, பட்டியல் பிந்தியது.

அதன் பிறகும் எதை எண்ணுவது என்ற கேள்வி தீரவில்லை. முதலில் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையைப் பார்த்தார்கள். சரக்குத் தீர்ந்துவிட்டால் நல்ல பாட்டும் விற்பனைக் கணக்கில் விழுந்துவிடும். கடைக்காரரைக் கையில் போட்டுக்கொண்டு கணக்கை ஏற்றவும் முடியும். எனவே ஊர்தோறும் இருந்த நேயர் சங்கங்களின் தேர்வையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி வாராவாரம் திரண்ட புள்ளிகளைக் கூட்டித்தான் ஆண்டுப் பட்டியல் வந்தது. தரவரிசை முறை வருமுன்னரான 1953-க்கும் ஒரு முதலிடம், 'அனார்கலி' படத்தில் சி. ராமச்சந்திரா இசையமைத்த பாடலுக்கு என்று பதிவாகியிருக்கிறது. அந்த முதலிடத்தின் பின்னால் நிற்பது ஒரே வகை வாக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

விற்பனையை எண்ணுவதற்கும் கடிதத்தை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காரைக்குடிக்காரர் எளிதில் உணர்வார். இசைத்தட்டை இந்த ஊர் வியாபாரச் சரக்காகவே முதலில் அறிந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் குடும்பக் கடையான ஏ.வி. அண்ட் சன்ஸ் இங்கே கிராமபோன் தட்டுகளை விற்றது. அந்த அனுபவமே அவரைச் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸுக்கும் பின்னர் படத்தயாரிப்புக்கும் கொண்டுசென்றது. போர்க்காலத்தில் அவர் படப்பிடிப்புத் தளத்தையே தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்தார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதுதான். ஆனால் தட்டு வாங்கிப் போட்டுக் கேட்கும் வசதி முகப்பும் வளவும் கொண்ட வீடுகளுக்கே இருந்தது. அவ்வீடுகளில் சமைத்தவருக்கும் புறத்தே வயலில் உழைத்தவருக்கும் பாட்டு வந்து சேர்ந்தது ஊராட்சி மன்ற வானொலியிலும் டீக்கடை வானொலியிலும்தான். விற்பனையை எண்ணினால் இவர்கள் எல்லோரும் கணக்குக்கு வெளியே நிற்பார்கள். சொத்துள்ளவருக்கு மட்டும் வாக்குரிமை என்று முன்பு இருந்த தேர்தல் முறைக்கு ஒப்பானது அது. சொத்துத் தகுதியை நீக்கிய முதல் பொதுத்தேர்தல் 1952 பிப்ரவரியில் முடிந்தது; கீத்மாலா அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. தன் விருப்பமும் எண்ணப்படத் தக்கதே என்ற துணிவு அந்தப் பத்தாண்டின் பொதுச்சொத்தாக இருந்தது என்பதே என் கருத்து.

எண்ணிக்கைக்கு முன்னால் எப்போதும் அலகு பற்றிய முடிவு ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வழக்கில் இதற்குத் துலக்கமான சான்று உண்டு. ஒன்பது நகரக் கோயில்களுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் வரி கொடுக்கும் அலகு 'புள்ளி'. திருமணமானதும் ஒருவர் தனிப் புள்ளி ஆகிறார். அதுவரை தந்தையின் புள்ளிக்குள் அடங்குகிறார். ஆகவே புள்ளிக் கணக்கு மக்கள்தொகையைச் சொல்வதில்லை. யார் பொறுப்பேற்றுப் பொதுவில் நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. வானொலி வாக்கையும் இவ்வாறே கேட்க வேண்டும். ஓர் அஞ்சலட்டையில் பத்துப் பெயர்கள் இருக்கும். ஒரே ஆள் பத்து அட்டை போடுவதும் உண்டு. சங்கத்தின் தேர்வில் ஐம்பது பேரின் கருத்து இருக்கலாம், செயலாளர் ஒருவரின் கருத்து மட்டும் இருக்கலாம். இவற்றையெல்லாம் பிழை என்று கழித்துவிட்டு 'உண்மையான' ரசனையைத் தேடுவது வீண். கழித்த பின் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எழுதுவது, தபாலில் சேர்ப்பது, பெயர் வாசிக்கப்படும் வரை காத்திருப்பது ஆகிய இந்த உழைப்புத்தான் ஆய்வுப் பொருள்.

இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு ஜும்ரி தெலையா. இன்றைய ஜார்க்கண்டில் மைக்கா வெட்டியெடுத்த சிற்றூர் அது. இலங்கை வானொலிக்கும் அகில இந்திய வானொலியின் விவித்பாரதிக்கும் அங்கிருந்து போன பாட்டு விண்ணப்பங்களாலேயே வடநாடு முழுவதும் அதன் பெயர் பரவியது. அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த ஊராரின் ரசனை அக்கம்பக்கத்து ஊர்களின் ரசனையிலிருந்து வேறுபட்டதா என்பது நமக்குத் தெரியவே வேண்டியதில்லை. எழுதும் பழக்கம் அங்கே வேர்விட்டிருந்தது, அதுவே செய்தி.

தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னையும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தொலைவு, 370 கிலோமீட்டர் அளவு. கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்நகரம் அயலூர் ஆகத் தோன்றியதில்லை. அருகில் திருச்சி நிலையம் 1939 மே 16 முதல் இயங்கிவந்தது. ஆனால் 1952-க்குப் பின் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒடுக்கியது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமே என்று கருதி அதைத் தவிர்த்தது. தயாரிப்பாளர்கள் பதிலுக்கு ஒலிபரப்பு அனுமதியை விலக்கிக்கொண்டனர். திரையிசைக்கென்று 1957 அக்டோபர் 3-இல் விவித்பாரதி வரும் வரையிலும், வந்த பிறகும், பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த ஒலியே தென்பாண்டி நாட்டில் திரைப்பாட்டின் முதன்மை வழியாக இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை இங்கே ஒரு தலைமுறை தன் உறவினர் குரல்போல் அடையாளம் கண்டது.

தமிழ் ஒலிபரப்பில் 'நீங்கள் கேட்டவை' போன்ற விருப்ப நிகழ்ச்சிகள் கீத்மாலாவைப் போல வரிசை எண் சூட்டவில்லை. அவை செய்தது வேறு. படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் என்று சொல்லி, பின் விரும்பிக் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் நீளமாக வாசித்தன. பாடலை ஆக்கியவரின் பெயரும் அதைக் கேட்டவரின் பெயரும் ஒரே மூச்சில், ஒரே மரியாதையுடன் ஒலித்தன. தாளத்தில் மயங்கிக் கேட்ட பாட்டைக் கண்ணதாசன் எழுதியது என்று அவர் பிறந்த சிறுகூடல்பட்டியின் அண்டை ஊரார் தெரிந்துகொண்டது இவ்வழியில்தான். அதே சிறுகூடல்பட்டியில் பிறந்த பஞ்சு அருணாசலம் 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாக இளையராஜாவை அறிமுகம் செய்தபோது, அப்பாடல்களைத் தமிழகக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்ததில் கொழும்பு நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. செட்டிநாட்டு நேயர் ஒருவர் கண்ணதாசன் பாட்டைக் கேட்டு எழுதினால் அது பாட்டின் மீதுள்ள பற்றா, ஊரின் மீதுள்ள பற்றா? எந்தக் கணக்கும் இதைப் பிரித்துத் தராது. பிரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறானது. பாட்டை விரும்புவது என்பது எங்கோ ஓர் ஊரில் நின்றுகொண்டு விரும்புவதுதான்.

உலக அளவில் இந்த வாதத்துக்கு வலுவான சான்று 2002-இல் கிடைத்தது. பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி உலகின் விருப்பப் பாடல் எது என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. முதலிடம் அயர்லாந்தின் தேசியப் பாடல் ஒன்றுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவதும் ஐந்தாவதும் தமிழ்ப் பாடல்கள்: 'தளபதி' படத்தில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த 'ராக்கம்மா கையத் தட்டு', அடுத்தது ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஆங்கில உலகின் புகழ்பெற்ற 'பொஹீமியன் ராப்சடி' பத்தாமிடத்தில் நின்றது.

இதைக் கண்டு, ஒழுங்குபடுத்திப் போட்ட வாக்குகள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எழ வேண்டிய கேள்வி வேறு. உலகில் அத்தனை மொழிகள் இருக்க, நாடு விட்டு நாடு சிதறிய தமிழர் ஒருவரையொருவர் அழைத்து இரண்டு பாடல்களை முதல் ஐந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது எதனால்? ஒன்று கொண்டாட்டப் பாட்டு, மற்றொன்று போரால் பெயர்ந்த மக்களின் பாட்டு. இரண்டையும் ஒரே மொழியினர் ஒரே வாரங்களில் தேர்ந்தார்கள் என்பது அக்காலத் தமிழர் மனநிலைக்கு எந்தக் கருத்துக்கணிப்பும் தராத ஆவணம். பட்டியலின் மற்ற இடங்களும் இப்படித்தான்: முதல் மூன்றும் நாட்டுப்பற்றுப் பாடல்கள். மனிதர் வாக்களிக்கும்போது தாம் யார் என்பதை அறிவிக்கிறார்கள். பாடல் அதற்கு வாய்ப்பாகிறது.

ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி நடத்தும் 'ஹாட்டஸ்ட் 100' வாக்கெடுப்பிலும் இதே சிக்கல் எழுந்தது. 1989-இல் தொடங்கிய அதில் 2015 ஜனவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் பாடலுக்காக நடந்த பிரசாரத்தை நிலையம் ஏற்காமல் அப்பாடலைத் தகுதிநீக்கம் செய்தது. பாடலின் தரத்தைப் பற்றி அங்கே விவாதமே இல்லை. யார் நம் நேயர் என்பதே விவாதம்.

வாக்கு முறையை எதிர்ப்பவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் இங்கேயே காணலாம். சா. கணேசன் 1939-இல் நிறுவிய காரைக்குடிக் கம்பன் கழகம் பட்டிமன்றத்தை வளர்த்தெடுத்தது. கம்பனின் பாத்திரங்களுள் உயர்ந்தது எது என்ற கேள்விக்கு அங்கே கைதூக்கிக் கணக்கெடுப்பதில்லை. இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, காரணம் காட்டி நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். கூட்டத்தின் கைத்தட்டல் ஒரு பக்கம் மிகுந்திருந்தும் நடுவர் மறுபக்கம் தீர்த்தால் அதை ஏற்பதே மரபு. ரசனையை மதிப்பிட இதுவே தக்க முறை என்று நானும் கருதுகிறேன். காரணம் இல்லாத விருப்பம் விமர்சனம் ஆகாது. ஆனால் வானொலித் தரவரிசையை விமர்சனமாக நிறுத்திவைத்து அதில் குறை காண்பது பொருந்தாது. நடுவரின் தீர்ப்பு பாட்டைப் பற்றியது. நேயர் வாக்கு நேயரைப் பற்றியது. இரண்டையும் குழப்பியதால்தான் தமிழ்த் திரையிசை ஆய்வு இதுவரை நேயர் கடிதங்களைச் சான்றாகவே கொள்ளாமல் விட்டிருக்கிறது.

இவ்வாதம் சரியானால் ஆய்வுக்குத் தேவைப்படும் ஆவணங்களும் மாறுகின்றன. முதலிடங்களின் அட்டவணை எளிதில் கிடைக்கும். சயானியே 'கீத்மாலா கீ சாவோன் மேன்' என்ற பெயரில் பாடல்களையும் வரலாற்றையும் ஒலித்தொகுப்பாக விட்டுச்சென்றிருக்கிறார். அவர் 2024 பிப்ரவரி 20-இல் மறைந்தார். நமக்குத் தேவை மறுபக்கத்து ஆவணம்: நேயர் சங்கங்களின் குறிப்பேடுகள், அனுப்பாமல் நின்ற அட்டைகள், கேட்ட பாடல்களைத் தேதியிட்டு எழுதிவைத்த நோட்டுகள், அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் புதுப்பித்த வானொலி உரிமப் புத்தகங்கள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று கழித்த துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் ஆயிற்று. இன்று செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய் விலைபெறுகின்றன. காகிதம் எடைக்குப் போகிறது. வீட்டைக் காலி செய்பவர்கள் அந்தக் காகிதக் கட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். வானொலி நேயரின் கையெழுத்து அதில் இருந்தால் ரோஜா முத்தையா நூலகத்திடமோ அழகப்பா பல்கலைக்கழக நூலகத்திடமோ சேர்ப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.