பிராங்க்ஃபர்ட் சமையலறை

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் 1926-இல் உருவான சமையலறை அமைப்பு. இன்றைய மாடுலர் கிச்சனின் முன்னோடி. முதல் உலகப்போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாடு வாட்டியபோது, எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி (1897–2000) இதை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது.

அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர்தான். ரயில் உணவுப்பெட்டியின் குறுகிய சமையற்கூடமே இதற்கு முன்மாதிரி. வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று கணக்கிட்டே ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. வெளிச்சத்துக்காகக் காய் நறுக்கும் மேசை சன்னலடியில் வந்தது. உட்கார்ந்து வேலை செய்ய, உயரம் மாற்றக்கூடிய சுழல் முக்காலி. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். அவற்றின் மூக்கு வழியே நேராகப் பாத்திரத்தில் கொட்டலாம். புழு அண்டாதிருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி. இஸ்திரிப் பலகை சுவரோடு மடிந்துகொள்ளும்.

ஒருவருக்கென்றே அளவெடுத்த அறை என்பதால் இருவர் சேர்ந்து சமைக்க இடமில்லை. சமைக்கும் பெண்ணை இது தனிமைப்படுத்தியது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது.

இந்தச் சமையலறைகளில் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.