டால்ஸ்டாய் பண்ணையின் மண்வெட்டி

விடுதிப் பள்ளிகள் சுகாதாரம் கற்பித்த வரலாற்றை நாம் சோப்பிலும் பற்பொடியிலுமே தேடுகிறோம். 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், காலன்பாக் அளித்த 1,100 ஏக்கரில் காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் அது மண்வெட்டியிலிருந்து தொடங்கிற்று. சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகள், அவர்களுள் தமிழர் பலர், அங்கேயே தங்கிப் பயின்றனர். வேலையாட்கள் கிடையாது. ஒன்றரை அடி ஆழக் குழியில் மலத்தையிட்டுத் தோண்டிய மண்ணாலேயே மூடினர். நாற்றமில்லை, ஈயில்லை என்கிறார் காந்தி. கழிவுநீர் மரங்களுக்குப் பாய்ந்தது. ஆசிரியர் தாம் செய்யாத எதையும் பிள்ளைகளிடம் ஏவலாகாது; வேலையின்போது ஆசிரியர் ஒருவர் உடன் உழைத்தாக வேண்டும். (அரைகுறைத் தமிழோடு தமிழ்ப் பாடமும் நடத்தினார் காந்தி என்பது தனிக்கதை!) சுகாதாரத்தைவிட அவ்விதியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஈரோடு மாவட்டப் பள்ளியொன்றில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்தது 2022இல்.