பொன்னேடும் பாடநூலும்

திட்டக்குடியைத் தழுவி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அம்முகத்துவாரத்தை நாடி ஐரோப்பியக் கப்பல்கள் பல வந்தன. வந்த வணிகருக்கும் ஆண்ட மன்னருக்கும் பொதுவான நீதி எது? உடன்படிக்கையே அந்நீதியாயிற்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்குடன் உடன்பாடு செய்து தரங்கம்பாடியில் இடமளித்தார். டேனிய மன்னருக்கு அவர் பொன்னேட்டில் எழுதுவித்த தமிழ் மடல் கோபன்ஹேகனில் இன்றும் காக்கப்பெறுகிறது.

ஆயினும், சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவிலே பிறந்து வளர்ந்தது என்றும், ஆசியா 19ஆம் நூற்றாண்டில்தான் அதனுள் அனுமதிக்கப்பட்டது என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. நம் மாணவரும் அதையே மனனம் செய்தனர்.

இக்கூற்றை ஆராய்ந்து மறுத்தவர் சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச். போலந்து மரபினரான இவ்வறிஞர் 1951இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, சர்வதேசச் சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்கும் தனித்துறை அமைத்தார். மறு ஆண்டே சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூலும் அவர் முயற்சியால் வெளிவரத் தொடங்கியது. கிழக்கிந்தியப் பகுதிகளில் நாடுகளிடை நிலவிய சட்டத்தின் வரலாற்றை 1967இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பியர் ஆசிய வேந்தரை இறைமையுடைய அரசராக மதித்தே தொடக்கத்தில் உடன்படிக்கை செய்தனர். 19ஆம் நூற்றாண்டுக் கொள்கையே அம்மதிப்பைப் பறித்தது என்பது அவர் முடிபு.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. தாத்ரா, நாகர் ஹவேலிக்குச் செல்லும் வழியுரிமை கோரி 1955இல் போர்த்துகல் இந்தியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கிட்டது. மராட்டியருடன் 1779இல் செய்த உடன்படிக்கையை அது சான்றாகக் காட்டியது. 18ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையின் செல்லுபடியைப் பிற்கால நடைமுறைகளைக் கொண்டு அளத்தல் தகாது என்று 1960இல் நீதிமன்றம் கூறியது. எனினும் அவ்வுடன்படிக்கை வருவாய் உரிமையைத் தந்ததேயன்றி இறைமையைத் தரவில்லை என்றும் தெளிவாக்கியது. படைகளுக்கு வழியுரிமை இல்லை என்றும், இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கு சட்டக் கல்விக்கு ஒரு பாடம். நம் முன்னோர் சமநிலையில் ஒப்பந்தம் செய்தனர் என்று பெருமை கொள்வோமாயின், அவர் ஒப்பிய சொற்களுக்கும் நாம் பொறுப்பேற்றல் வேண்டும். அப்பொறுப்பை வாதத்தால் நிறைவேற்ற வல்ல வழக்கறிஞர், மூல ஏடுகளைப் படித்துப் பொருள் காணப் பழகியவராக இருத்தல் வேண்டும். பிறர் எழுதிய வரலாற்றை மட்டும் கற்றவர் பிறர் வகுத்த எல்லைக்குள் நின்றே வாதிடுவர். ஆகவே, நாடுகள் கடந்த சட்டத்தைக் கற்பிக்கும் வகுப்பில் ஐரோப்பிய ஆவணங்களோடு தரங்கம்பாடிப் பொன்னேடும் இடம்பெறுதல் தக்கது.