கதவுக்கு அடியில ஒரு பிங்க்: பிரைமரின் வரலாறு

இன்னைக்கு எபிசோடு பெயின்ட் பத்தி. சுவத்து பெயின்ட் இல்ல. கதவு, ஜன்னல், நிலைப்படி, மர அலமாரிக்கு அடிக்கிற பெயின்ட். அதுலயும் மேல தெரியிற கலர் இல்ல, அதுக்கு அடியில யாருமே கண்டுக்காத அடிக்கோட்.

திருவண்ணாமலைக்கு கிரிவலம் போறவங்க நிறைய பேர் இதைக் கேக்குறீங்க. அடுத்த முறை போறப்ப மாட வீதிய ஒட்டின பழைய தெருக்கள்ல கொஞ்சம் நடந்து பாருங்க. பழைய கதவுல பெயின்ட் உரிஞ்ச இடம் கண்டிப்பா இருக்கும். மேல பச்சை, அதுக்குக் கீழ நீலம், அதுக்கும் கீழ காவி. ஒவ்வொண்ணும் ஒரு தீபத்துக்கோ, பொங்கலுக்கோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ அடிச்சது. நம்ம பாஷைல சொன்னா அந்தக் கதவோட கிட் ஹிஸ்டரி. பல கதவுகள்ல முதல் கமிட், அதாவது மரத்தை ஒட்டின அடுக்கு, வெளிறின பிங்க்கா இருக்கும்.

ஏன் பிங்க்?

மரம் சும்மா இருக்காது

முதல்ல, அடிக்கோட் எதுக்கு? மரம் ஈரத்தைக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில கதவு சாத்தவே முடியாம பிடிச்சுக்கும். சித்திரை வெயில்ல அதே கதவுல விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி. மேல அடிக்கிற எனாமல் இந்த ஆட்டத்துக்கு ஈடு கொடுக்காது. நேரா மரத்து மேல அடிச்சா, எண்ணெயை மரம் உறிஞ்சிடும். மிச்சம் இருக்கிறது வெடிச்சு உரியும்.

அதனால ஒரு வரிசை உருவாச்சு. மரம் நல்லா காயணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். கணு இருக்கிற இடத்துல பிசின் கசியாம இருக்க, ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கைத் தடவணும். அப்புறம் பிரைமர். அதுக்கு அப்புறம்தான் ஆணி ஓட்டைக்கும் வெடிப்புக்கும் பட்டி. பட்டியை முதல்ல வெச்சா, அதுல இருக்கிற எண்ணெயைப் பச்சை மரம் குடிச்சிடும், பட்டி காஞ்சு கொட்டிடும். பட்டி காஞ்சதும் மறுபடி தேய்ச்சு, அண்டர்கோட், கடைசியா எனாமல்.

இந்த வரிசை பிரிட்டிஷ் காலத்துல இங்க பரவினது. அதுக்கு முன்னாடி மரத்துக்கு எண்ணெய் தேய்க்கிறதுதான் பொதுவான வழக்கம். 1902-ல ஹவுராவுல ஷாலிமார் பெயின்ட் ஆலை வந்துச்சு. 1942-ல பம்பாய்ல ஏசியன் பெயின்ட்ஸ். கூடவே பிரிட்டிஷ் பெயின்டர்களோட ரெசிபியும் வந்துச்சு: ஆளி விதை எண்ணெய், ஒயிட் லெட், கொஞ்சம் ரெட் லெட். வெள்ளையில கொஞ்சம் சிவப்பு கலந்தா என்ன கலர்? பிங்க். அவ்வளவுதான் ரகசியம்.

இங்க ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடலாம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்துல, அதாவது டின். அது வேற. ஒயிட் லெட், ரெட் லெட் ரெண்டும் காரீயத்துல இருந்து வர்றது. நச்சு அதுதான். இனிமே ஈயம்னு சொன்னா காரீயம்னு எடுத்துக்கோங்க.

ஒரு இன்ஜினியரா சொல்லணும்னா, அது ஒரு அட்டகாசமான பொருள். எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலத்தோட ஈயம் சேர்ந்து ஒருவித சோப்பு மாதிரி ஆகும். அதனால படலம் வளைஞ்சு கொடுக்கும், தண்ணியும் உள்ள போகாது. மரம் உப்பினா அதுவும் கூடவே நகரும். பழைய பிங்க் பிரைமர்ல எடையில பாதி அளவுக்கு ஈயம் இருந்திருக்கலாம்.

தெரிஞ்சும் தொடர்ந்த கதை

1904-லயே ஆஸ்திரேலியாவுல, குயின்ஸ்லாந்து மாநிலத்துல, லாக்ஹார்ட் கிப்சன்ங்கிற கண் மருத்துவர் எழுதிட்டார்: குழந்தைங்களுக்கு வர்ற ஈய நச்சுக்குக் காரணம் வராண்டா கைப்பிடியிலயும் அறைச் சுவத்துலயும் இருக்கிற பெயின்ட்னு. பெயின்ட் வெயில்ல பொடியாகும், குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில வெக்கும். 1922-ல குயின்ஸ்லாந்து, குழந்தைங்க கைக்கு எட்டுற இடங்கள்ல ஈய பெயின்ட் கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு.

1921-ல ஜெனீவாவுல சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டு வந்துச்சு. இது பெயின்டர்களோட உடம்பைப் பத்தினது. கட்டடங்களுக்கு உள்ள அடிக்கிற பெயின்ட்ல ஒயிட் லெட் வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனுக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் விலக்கு தரலாம்னு சொல்லுச்சு. இந்தியா அதை ஏத்துக்கிட்டு உறுதி செய்யவே இல்ல. அமெரிக்காகூட வீட்டு பெயின்ட்ல ஈயத்தைத் தடை செஞ்சது 1978-லதான்.

நம்ம ஊர்ல? வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல போகக் கூடாதுங்கிற மத்திய அரசு விதி 2016 நவம்பர் 1-ல அறிவிக்கப்பட்டு, ஒரு வருஷம் கழிச்சு 2017 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. கிப்சன் எழுதி 113 வருஷம். 90 பிபிஎம்னா ஒரு கிலோ பெயின்ட்ல 90 மில்லிகிராம். எடையில பாதின்னா அஞ்சு லட்சம் பிபிஎம்.

மஞ்சள் நிலைப்படி

ஈயம் அடிக்கோட்ல மட்டும் இல்ல. நம்ம வீடுகள்ல நிலைப்படிக்கு மஞ்சள் பூசி குங்குமம் வைப்பாங்க இல்லையா? தினமும் பூச நேரம் இல்லாம, நிறைய வீட்டுல மஞ்சள் எனாமல் அடிச்சு சிவப்புப் பொட்டு வெச்சுட்டாங்க. அந்த எனாமலுக்கு அந்தப் பளீர் மஞ்சளைக் கொடுத்தது பெரும்பாலும் லெட் குரோமேட், அதுலயும் ஈயம்தான். விதி வர்றதுக்கு முன்னாடி இந்தியாவுல செஞ்ச சோதனைகள்ல மஞ்சள் எனாமல்லதான் ஈயம் ரொம்ப அதிகமா இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் கடந்து போற இடம், தவழ்ற குழந்தை வந்து உக்கார்ற இடம், அந்த நிலைப்படிதான்.

பெயின்ட் கெட்டியா ஒட்டிட்டு இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்ல. ஆபத்து, அதைப் பொடியாக்கும்போது. அதாவது, புது பெயின்ட்டுக்காக பழைய கதவை நாம 'ரெடி பண்ற' அந்த ஒரு நாள். பழைய வீட்டை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்குறவங்க, தாத்தா வீட்டுக் கதவைப் பாலிஷ் போட்டு பிளாட்டுக்குக் கொண்டு வர்றவங்க, எல்லாரும் முதல்ல செய்யிறது மெஷின் வெச்சுத் தேய்க்கிறது. எத்தனை வருஷ கோட்டும் ஒரே மத்தியானத்துல தூசியா பறக்கும். அதை முதல்ல சுவாசிக்கிறது பெயின்டர் அண்ணன். அடுத்து, தரையில விளையாடுற குழந்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி, ஒரே அளவு ஈயம் உள்ள போனா, பெரியவங்களைவிட குழந்தை உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

பிங்க்கா இருந்தாலே ஈயம்னும் சொல்ல முடியாது. ஈயம் போன பிறகும் பழக்கத்துக்காக பிங்க் பிரைமர் விக்கிறாங்க. ஆனா 2017-க்கு முந்தின கோட்டுன்னா, டெஸ்ட் பண்ற வரைக்கும் ஈயம் இருக்குன்னே நினைச்சு வேலை செய்யுங்க. உரியாத பெயின்ட்டை முழுசா சுரண்ட வேண்டாம். மேலாக வாட்டர் பேப்பர் போட்டு, தண்ணி தொட்டுத் தேய்ச்சாலே அடுத்த கோட்டு பிடிக்கும். ப்ளோ லாம்ப் வெச்சு எரிக்க வேண்டாம், ஈயப் புகை வரும். கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிங்க. துடைப்பத்தால கூட்டாம ஈரத்துணியால துடைங்க. குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். பெயின்டருக்கு நல்ல மாஸ்க்கும், சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவ சோப்பும் கொடுங்க. புது டப்பா வாங்கும்போது, ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இல்லைன்னு லேபிள்ல போட்டிருக்கான்னு பாருங்க.

பழைய கோடைத் தொடுறதுக்கு முன்னாடி அதுக்குள்ள என்ன இருக்குன்னு படிக்கணும்னு நம்ம வேலையில சொல்வோம் இல்லையா, கதவுக்கும் அதேதான். உங்க வீட்டுல பெயின்ட் வேலை நடக்கப் போகுதுன்னா, இந்த எபிசோடை வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.