கடலூர்க் கடலில் சண்டையிட்ட வணிகக் கப்பல்



கர்நாடகப் போர்கள் என்றால் ஆம்பூர், ஆற்காடு, வந்தவாசி என்று ஆண்டுகளோடு சேர்த்து மனப்பாடம் செய்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லாமே தரையில் நடந்த சண்டைகள். ஆனால் அந்தப் போர்களின் முடிவை நிர்ணயித்ததில் நம் கடலுக்கும் பெரிய பங்கு உண்டு. கடலூருக்கு எதிரே சண்டையிட்டு, சற்று வடக்கே ஆலம்பரையில் ஆயுளை முடித்துக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

கப்பலின் பெயர் 'பியானெமே'. பிரெஞ்சு மொழியில் 'அன்புக்குரியவர்' என்று பொருள். அப்போதைய பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்கும் இந்தப் பட்டப்பெயர் இருந்தது. ஆனால் கப்பல் மன்னருடையது அல்ல, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல். வணிகக் கப்பல் என்றதும் சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் இருந்தன.

வணிகருக்கு எதற்குப் பீரங்கி? ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். வரும்போது துணி வாங்குவதற்கான வெள்ளி, போகும்போது துணி மூட்டைகள். வழியில் கடற்கொள்ளையர் பயம், போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் கப்பல்களின் பயம். அதனால் கம்பெனிகள் தம் கப்பல்களைப் பார்வைக்குப் போர்க்கப்பல் போலவே கட்டின. ஆனால் பீரங்கி கூடினால் சரக்குக்கு இடம் குறையும். பீரங்கிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும். வணிகக் கப்பலில் ஒவ்வொரு பீரங்கியும் ஒரு செலவுக் கணக்கு.

1757 மே மாதம் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து தளபதி லாலியின் படை இந்தியாவுக்குப் புறப்பட்டது. கப்பல்களுக்குத் தலைவர் தாஷே. அவருக்குக் கொடுப்பதாக இருந்த அரசுப் போர்க்கப்பல்களில் சிலவற்றை வட அமெரிக்கப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். குறையைக் கம்பெனிக் கப்பல்களைக் கொண்டு நிரப்பினார்கள். மொரீஷியசில் தங்கிவிட்டு, 1758 ஏப்ரல் 28 அன்று அந்தப் படை கடலூருக்கு எதிரே வந்து நின்றது.

இப்போது வெள்ளிக் கடற்கரை என்று நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் தேவனாம்பட்டினத்தில் அன்று ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. அங்கே நின்ற டிரைட்டன், பிரிட்ஜ்வாட்டர் என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்களும் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கரையேற்றி எரிக்கப்பட்டன.

மறுநாள் பிற்பகல் ஆங்கிலத் தளபதி போகாக்கின் ஏழு அரசுப் போர்க்கப்பல்கள் மோத வந்தன. எதிரே நின்ற ஒன்பது பிரெஞ்சுக் கப்பல்களில் 'சோதியாக்' ஒன்றுதான் அரசுப் போர்க்கப்பல். பியானெமே உள்பட மற்ற எட்டும் கம்பெனிக் கப்பல்கள். 74 பீரங்கிகள் கொண்ட இன்னொரு பெரிய கம்பெனிக் கப்பல் லாலியை இறக்கிவிடப் புதுச்சேரிக்குப் போயிருந்ததால் சண்டைக்கு உதவவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எதிரியின் பாய்மரங்களைக் குறிவைத்தார்கள். ஆங்கிலேயர்கள் கப்பலின் உடலைக் குறிவைத்தார்கள். பிரெஞ்சுக் கப்பல்களிலோ கரையிறங்க வேண்டிய தரைப்படை வீரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆங்கிலேயரில் செத்தவர்களும் காயமடைந்தவர்களும் சேர்த்து 118 பேர். பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 500 பேர். ஆனாலும் பாய்கள் கிழிந்து போனதால் ஆங்கிலேயரால் துரத்த முடியவில்லை. எந்தக் கப்பலும் பிடிபடவில்லை. போருக்குப் பின் பியானெமே மட்டும் ஆலம்பரைக் கரையில் ஏறி உடைந்துபோனது.

ஏன் ஆலம்பரை? 1750இல் முசாபர் ஜங் அந்த இடத்தை டூப்ளேக்குக் கொடுத்ததிலிருந்து அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஆனால் அங்கேயும் சரி, கடலூரிலும் புதுச்சேரியிலும் சரி, பெரிய கப்பல் ஒதுங்கிப் பழுதுபார்க்கத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ஆளும் சரக்கும் நம் மீனவர்களின் மசூலா படகில்தான் அலை தாண்டிக் கரைக்கு வரும். ஆங்கிலேயருக்குப் பழுதுபார்க்க பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதற்கு மொரீஷியஸ் வரை போக வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லாலி தரையில் வெற்றி பெற்றார். ஜூன் 2 அன்று புனித டேவிட் கோட்டை விழுந்தது, பிறகு அதை இடித்தும் விட்டார். அடுத்துச் சென்னை என்று அவர் துடித்தபோது தாஷே உடன்படவில்லை. ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கு எதிரே இன்னொரு சண்டை. அதன்பின் புதுச்சேரி ஆலோசனை சபை தடுத்தும் கேளாமல் மொரீஷியசுக்குப் போய்விட்டார். லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக் கப்பல் இல்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் உதவியோடு வந்ததும் முற்றுகை கலைந்தது. செப்டம்பரில் தாஷே திரும்பி வந்து மூன்றாவது சண்டை போட்டுவிட்டுப் போனவர்தான், பிறகு வரவேயில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. அங்கே வந்துபோன கப்பல்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் காலமானார்.

தாஷே கோழை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரக்கேற்றக் கட்டிய கப்பல்களை அரசுப் போர்க்கப்பல்களுக்கு முன்னால் நிறுத்தி, பழுதுபார்க்க ஒரு துறைமுகமும் கொடுக்காமல், ஜெயித்து வா என்றால் அவர்தான் என்ன செய்வார்? இலாபத்துக்காகக் கட்டியதை யுத்தத்துக்கு அனுப்பிய கணக்கு அது. கணக்கு எழுதியவர்கள் பாரிசில் இருந்தார்கள். அடி வாங்கியவர்கள் அந்த மாலுமிகளும், கடலூர், புதுச்சேரி மக்களும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் பிள்ளைகள் கடப்பாக்கத்தில் திரும்பி ஆலம்பரைக் கோட்டையைப் பாருங்கள். 1760இல் ஆங்கிலேயர் இடித்தது போக மிச்சம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போய், கடலைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
அண்ணாமலை நகர்