உழவர் சுட்ட இரண்டு வேட்டு



பல்லாண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். அமெரிக்க விடுதலைப் போர் பாடம் வரும்போதெல்லாம் லெக்சிங்டன் நிகழ்ச்சியை உணர்ச்சி பொங்க விரித்துரைப்பது என் வழக்கம். ஒருநாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, உழவர்களே பெரும் படையை ஓட்டிவிட்டார்கள் என்றால், போர் ஏன் எட்டாண்டு நடந்தது?" என்று வினவினான். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

மாசசூசெட்ஸ் குடியேற்ற நாட்டில் ஊர்தோறும் குடிப்படை உண்டு. உழவரும் கொல்லரும் கடைக்காரரும் தத்தம் துப்பாக்கியுடன் குறித்த நாட்களில் கூடிப் பயில்வர். அழைத்த நொடியில் புறப்பட வேண்டிய ஒரு பிரிவினர்க்கு 'நிமிட வீரர்' என்று பெயர்.

1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் விடியற்காலை. கான்கார்டு ஊரில் சேர்த்து வைத்திருந்த போர்க்கருவிகளை அழிக்கப் பாஸ்டனிலிருந்து ஆங்கிலச் சிப்பாய்கள் ஏறத்தாழ 700 பேர் வந்தனர். வழியில் லெக்சிங்டன் பசும்புல் திடலில் 80 பேருக்கும் குறைவான ஊரார் எதிர்நின்றனர், எண்மர் மாண்டனர். ஆனால், படை திரும்பும்போது காட்சி மாறியது. சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் திரண்டன. கற்சுவர்களின் பின்னும் மரங்களின் பின்னும் மறைந்து நின்று சுட்டனர். ஆங்கிலேயருள் இறந்தவர் 73 பேர். காயமுற்றவர் 170க்கும் மேற்பட்டோர்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டதே என் பிழை. 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் தென் கரோலினாவில் காம்டன் என்னுமிடத்தில், அதே போன்ற குடிப்படையினரை ஜெனரல் கேட்ஸ் வெட்டவெளியில் அணிவகுத்து நிறுத்தினார். துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிப் பகைவர் பாய்ந்ததும், பெரும்பாலோர் ஒரு வேட்டும் சுடாமல் ஓடினர். அவர்கள் கோழைகளா? அல்லர். கத்திமுனைக்கு எதிரே அசையாது நிற்பது ஆண்டுக்கணக்கில் பயின்றவர்க்கே கைவரும் தொழில்.

இதை உணர்ந்தவர் டேனியல் மார்கன். இளமையில் வண்டியோட்டிப் பிழைத்தவர். எளிய மக்களின் உள்ளம் அறிந்தவர். 1781ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், 'மாட்டுப்பட்டிகள்' என்று பொருள்படும் கௌபென்ஸ் வெளியில், டார்ல்டனின் ஏறத்தாழ 1,100 பேரை அவர் எதிர்கொண்டார். முன்னாள் இரவு நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த குடிப்படையினரிடையே சென்று பேசினார். "கடைசிவரை நில்லுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. பகைவர் நெருங்கியபின் குறிபார்த்து இரண்டு வேட்டு. பிறகு ஒழுங்காகப் பின்வாங்கலாம். அவ்வளவே அவர் கேட்டது.

அவர்களும் அவ்வாறே செய்தனர். அவர்கள் ஓடுகின்றனர் என்றெண்ணி, டார்ல்டனின் படை வரிசை குலைந்து பாய்ந்தது. பின்னே காத்திருந்த பயின்ற படை அதைத் தடுத்து நிறுத்தியது. குதிரைப்படை ஒருபுறம் தாக்கிற்று. பின்வாங்கிய குடிப்படையும் திரும்பி வந்து மறுபுறம் தாக்கிற்று. ஆங்கிலேயப் படையில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

டார்ல்டனின் தலைவர் காரன்வாலிஸ், அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் சரணடைந்தார். அங்கு அவரை மடக்கியது வாஷிங்டனின் படையோடு பிரெஞ்சுத் தரைப்படையும் கடற்படையுமே. 1786இல் அவரே கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, பின்னர்த் திப்பு சுல்தானோடு பொருதார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்த மாணவனுக்கு என் விடை இதுதான்: உழவரின் துணிவு போரைத் தொடங்கியது, அது மட்டுமே போரை முடிக்கவில்லை. பயின்ற படையும் அயலார் துணையும் வேண்டியிருந்தன. எவரால் எது இயலும் என்று அளந்தறிந்த தலைமையும் வேண்டியிருந்தது. காம்டனில் ஓடியவரும் கௌபென்சில் வென்றவரும் ஒரே வகை மனிதரே. அவர்களிடம் கேட்கப்பட்டதுதான் வேறு.